அன்பினாலும் அபிமானத்தினாலும்: தான செட்டில்மென்ட் பத்திரத்தில் மகன்

1. ஒரு தொடரும் ஒரு கேள்வியும்

எந்த ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகமானாலும் அதன் எதிரே பத்திர எழுத்தர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். கிரயத்துக்கு ஒன்று, அடமானத்துக்கு ஒன்று, பாகப்பிரிவினைக்கு ஒன்று என அவர்களுடைய கணினியில் மாதிரிகள் தயாராக உண்டு. பெயர், சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றை மாற்றினால் பத்திரம் பிறந்துவிடும். இவற்றுள் தான செட்டில்மென்ட் மாதிரிக்கே உரியதாக ஒரு தொடர் இருக்கிறது. மகனாகிய தங்கள்மீது எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும் இச்சொத்தைத் தங்களுக்குக் கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். பெற்ற மகனைத் தாயோ தகப்பனோ 'தாங்கள்' என்று விளிப்பது அநேகமாக வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அடுத்த பத்தியிலேயே, இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்றும், இதை எக்காலத்தும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்றும் வந்துவிடும்.

சட்டத்தின் பார்வையில் அந்த அன்புக்கு ஒரு வேலை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்துடைய 122ஆம் பிரிவு, தானத்தைப் பிரதிபலன் இல்லாத மாற்றம் என்று வரையறுக்கிறது. பணம் கைமாறாத இடத்தில், ஏன் கொடுக்கிறார் என்ற கேள்விக்கு விடையாக அன்பு நிற்கிறது. ஆனால் கொடுத்த பின் மகன் சோறு போடாவிட்டால்? அப்போது அந்தச் சொல்லை எப்படி வாசிப்பது? வெறும் சடங்குச் சொல்லா, எதையும் எதிர்பாராத கொடையா, அல்லது சொல்லாமல் சொன்ன நிபந்தனையா? கடந்த சில ஆண்டுகளில் நீதிமன்றங்கள் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பெற்றோருக்கும் மகனுக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் உபதேசத்தில் போய் முடியும். ஒரு பத்திரத்தின் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு பேசினால் அந்தப் பிணைப்பின் உள்கணக்கு கொஞ்சம் தெரியக்கூடும் என்பதே இக்கட்டுரையின் நம்பிக்கை.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இவ்விஷயத்தில் நம்மிடம் புழங்கும் பரவலான கருத்து, சிதைவு பற்றியது. கூட்டுக்குடும்பம் இருந்தவரை பெற்றோர் காக்கப்பட்டார்கள். நகரமும் சம்பளமும் தனிக்குடித்தனமும் வந்து மகன்களைக் கெடுத்துவிட்டன என்பது அது. மேடைப் பேச்சும் சினிமாவும் இதைச் சலிக்காமல் சொல்கின்றன. சேரனின் 'தவமாய் தவமிருந்து' (2005) படத்தில் அச்சகம் நடத்தும் தகப்பன் தன் இரு மகன்களுக்காக உழைத்துத் தேய்கிறார். நல்ல மகன் எவன் என்ற கேள்விதான் பின்பாதியை நகர்த்துகிறது. படம் கண்ணியமானது. இருந்தாலும், மகன் நல்லவனாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அது அசைக்கவில்லை.

மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1976இல் முன்வைத்த கோட்பாடு இதை உணர்ச்சி கலக்காமல் சொன்னது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் பாயும் சமூகங்களில் பிறப்பு மிகுதியாக இருக்கும். பாய்ச்சலின் திசை மாறும்போது பிறப்பு குறையும் என்றார் அவர். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8 என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21). 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் இங்கே 10.4 சதவீதம், நாடு முழுவதற்கும் அது 8.6. நான்கு மகன்கள் முறை வைத்துச் சோறு போட்ட வீடுகளின் இடத்தில் இன்று ஒரே மகன் இருக்கிறான், அல்லது மகனே இல்லை. கால்டுவெல்லின் கணக்கு பிறப்பு குறைந்ததை விளக்கப் பயன்படும். கணக்கு தனக்குப் பாதகமாகப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் தாய் ஏன் வீட்டை எழுதிக்கொடுக்கிறாள் என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த விடைக்கு மானிடவியல் பக்கம் போகவேண்டியிருக்கிறது. மார்கரெட் டிராவிக் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி எழுதிய, 1990இல் வெளிவந்த நூல் 'அன்பு' என்ற சொல்லையே ஆராய்கிறது. அவர் கண்ட இயல்புகளில் முதன்மையானது அடக்கம். தாயன்பு மிகப் பெரியது; ஆதலால் அதை வெளிக்காட்டக் கூடாது, கண்பட்டுவிடும், பிள்ளை கெட்டுவிடும். அன்பு மறைவில்தான் வளரும் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வருபவர் பென்னி வேரா-சான்சோ. சென்னைக் குடிசைப் பகுதிகளிலும் மேற்கு மாவட்டக் கிராமங்களிலும் ஆய்வு செய்த அவர், மகன் காப்பான் என்பது தானாக நடக்கும் வழக்கமே அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் பேரம் பேசி முடிவாகும் ஒன்று என்று காட்டினார். பெற்றோருக்கு உண்மையில் தேவை இருக்கிறதா, மகனால் கொடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளும் ஓயாமல் எழுப்பப்படுகின்றன. ஏழை முதியவர்கள் பலர் உடல் ஓயும்வரை தம் உழைப்பில்தான் சாப்பிடுகிறார்கள். டிராவிக்கின் மறைவான அன்பும் வேரா-சான்சோவின் வெளிப்படையான பேரமும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும் என்பதுதான் என் அனுபவம். பேரம் நடக்கும், ஆனால் பேரம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

3. பொற்காலம் எங்கே இருந்தது?

சிதைவுக் கதைக்கு அடிப்படை, முன்பு எல்லாம் சரியாக இருந்தது என்பது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மணக்குடவர் வழிவருவோர் அதை 'மக்கட்பேறு' என்கிறார்கள். பரிமேலழகர் 'புதல்வரைப் பெறுதல்' என்கிறார். தலைப்பு மாற்றம் சின்னதல்ல. முதற்குறளில் வரும் 'மக்கள்' என்ற சொல்லே பெண்ணை விலக்கி நிற்பதாக அவர் உரை வகுக்கிறார். அறிவு பேசப்படுவதால் அது ஆணுக்கே பொருந்தும் என்பது அவர் காட்டும் நியாயம். மூலத்தில் இல்லாத இந்த விலக்கு, உரையின் வழியாக நூற்றாண்டுகளாகப் பாடமாகிவிட்டது. அதைவிட வியப்பானது வேறொன்று: பிள்ளையின் உடலைத் தொடுதல், மழலை கேட்டல், சிறு கை துழாவிய சோறு, அவையில் முந்தியிருக்கச் செய்தல், சான்றோன் எனக் கேட்டு மகிழ்தல் எனப் பத்துக் குறளும் நிறைந்திருக்கின்றன, முதுமையில் மகன் சோறிட வேண்டும் என்று அவற்றுள் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மகன் தந்தைக்குச் செய்யும் உதவியாகச் சொல்லப்படுவதும் ஊரார் வாயிலிருந்து வரும் பாராட்டுத்தான். பெற்றவளின் பசி வேறோரிடத்தில், வினைத்தூய்மை அதிகாரத்தில் வருகிறது: அவள் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது அக்குறள். தாயின் பசி ஒருவனை எதையும் செய்யத் தூண்டும் எல்லை என்று வள்ளுவர் அறிந்திருந்தார். அந்தப் பசி வரக்கூடியதுதான் என்பதையும் அறிந்திருந்தார்.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் தன்மீது பகைத்தெழுந்த மகன்களோடு போருக்குப் புறப்படுகிறான். தடுக்க வந்த புல்லாற்றூர் எயிற்றியனார் பாசத்தை நினைவூட்டவில்லை, வாரிசுரிமையைத்தான் நினைவூட்டுகிறார். நீ இறந்தபின் இந்தச் செல்வம் இவர்களுக்குத்தானே போகவேண்டும், இவர்களையே கொன்றுவிட்டால் யாருக்கு வைத்துவிட்டுப் போவாய் என்பது அவருடைய வாதம். அரசன் போரைக் கைவிட்டு வடக்கிருந்தான். அவனோடு உயிர்விட வந்து சேர்ந்தவர் நேரில் பார்த்திராத நண்பர் பிசிராந்தையார். மகன்களில் யாரும் அல்லர்.

அரசர் கதை விதிவிலக்கு என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை நல்ல பதில். ஒல்லாந்த ஆளுநரின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்த்து ஒப்பிய வழக்காற்றுச் சட்டம் அது. மணமாகாத மகன் சம்பாதித்தது பெற்றோரின் பொதுச் சொத்தில் சேரவேண்டும் என்று விதிக்கும் அதே தொகுப்பு, இன்னொரு நடைமுறையையும் பதிவு செய்கிறது. தளர்ந்துபோன பெற்றோரின் தேடிய தேட்டத்தை, அவர்களைப் பராமரிப்பதாகச் சொல்லி மகன்கள் பிரித்துக்கொள்கிறார்கள். சொத்து கைக்கு வந்ததும் சொன்னதைச் செய்வதில்லை. பெற்றோர் முறையிட வேண்டியதாகிறது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய விவசாயச் சமூகம் அது. அடுக்குமாடிக் குடியிருப்பும் வெளிநாட்டு வேலையும் இல்லாத காலத்திலேயே இந்த முறையீடு சட்டத் தொகுப்பில் இடம்பெறும் அளவுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது. ஆகவே, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்கும் விளக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

4. பிறப்புரிமையும் தானமும்

அப்படியானால் மாறியது என்ன? பிணைப்பின் சட்ட வடிவம் மாறியிருக்கிறது என்பது என் வாதம்.

இந்துச் சட்டத்தின் மிதாட்சர மரபில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தகப்பன் அதைத் தருவதில்லை; ஆகவே அன்பு என்ற காரணமும் தேவைப்படுவதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்: ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல், வடபுறம் வாய்க்கால், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்று போகும், அன்புக்கு இடமே இல்லை. பல ஊர்களில் தாய் தகப்பனுக்கென்று ஜீவாம்சமாக ஒரு துண்டு நிலத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் காலத்துக்குப் பின் அது மகன்களுக்குப் போகும். உரிமைக்கு மறுபக்கமாகக் கடமையும் இருந்தது. தகப்பன் நெறிதவறாத வழியில் வாங்கிய கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது இந்துச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம், அதற்குப் பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை அக்கோட்பாட்டை முடித்துவைத்தது.

அதே திருத்தம் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. தமிழ்நாடு 1989லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு அதைச் செய்திருந்தது. மறுபுறம், குடும்பங்களின் சொத்து பூர்வீக நிலத்திலிருந்து சம்பாதித்து வாங்கிய மனைக்கும் வீட்டுக்கும் நகர்ந்தது. சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது. அதைப் பெற்றவர் யாருக்கும் கொடுக்கலாம். மகனுக்கே கொடுக்க வேண்டுமானால் உயில் எழுதலாம், இல்லையென்றால் செட்டில்மென்ட். உயில் இறந்த பிறகுதான் பேசும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வழக்குக்கும் இடமுண்டு. செட்டில்மென்ட் அன்றைக்கே முடிந்துவிடும். கிரயத்துக்கு 7 சதவீதமாக உள்ள முத்திரைத் தீர்வை, குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு 1 சதவீதம்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. மகளின் பங்குப் பேச்சு எழுமுன் காரியத்தை முடிக்கவும் அது வசதி. 'அன்பினாலும் அபிமானத்தினாலும்' என்ற தொடரின் பெருக்கத்துக்குப் பின்னால் இத்தனை கணக்குகள் இருக்கின்றன. பங்காளியாக இருந்த மகன் இப்போது கொடை பெறுபவன். பங்காளியிடம் கடமையைக் கேட்கலாம். கொடை பெற்றவனிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

5. இரண்டு வாசிப்புகள்

இந்த இடத்தில்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 நுழைகிறது. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் இச்சட்டப்படி, மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பராமரிக்கத் தவறினால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அது விதிக்கக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. முதியவரைக் கைவிடுவது மூன்று மாதம்வரை சிறைக்கோ 5,000 ரூபாய்வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். இவற்றைவிட வலுவானது 23ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு ஒரு முதியவர் சொத்தைக் கொடுத்திருந்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம்.

சட்டத்தின் தடுமாற்றம் இதில் தெரிகிறது. எழுதிக்கொடுத்த அன்று மகன் ஏமாற்றவில்லை, ஆசையாகக்கூடக் கூட்டிப்போயிருப்பான். ஐந்தாண்டு கழித்துச் சோறு நின்றது. நன்றி கொன்றதற்குச் சட்டத்தில் சொல் இல்லாததால், நிகழாத மோசடி நிகழ்ந்ததாகப் பாவிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியும் இல்லை: 2022இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு, பதிவான பத்திரத்தை ஒருதலைப்பட்சமாக ரத்து செய்யும் ஆவணத்தைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே எல்லாமே 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற சொற்களில் போய் நிற்கிறது. 2022 டிசம்பரில், ஒரு தாய் தொடர்ந்த வழக்கில், உச்சநீதிமன்றம் அச்சொற்களை நேராக வாசித்தது. அன்பினால் கொடுப்பவர் பெரும்பாலும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆதலால் பராமரிப்பு நிபந்தனை இருந்தது என்பது காட்டப்பட வேண்டும், இல்லையேல் 23ஆம் பிரிவு உதவாது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, இது நலம்பேணும் சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் அங்கே, காப்பேன் என்று மகன் எழுதிக்கொடுத்ததாகத் தாய் தாக்கல் செய்த தனி உறுதிமொழிப் பத்திரம் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் முன்னே சென்றது. 2025 மார்ச்சில், நாகப்பட்டினம் கோட்டாட்சியரின் ரத்து ஆணையை உறுதிசெய்த அமர்வு, நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கத் தேவையில்லை, 'அன்பினாலும்' என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்றது. வழக்கின் தாய்க்கு வயது 87. மூன்று மகள்கள் இருக்க ஒரே மகனுக்கு எழுதிக்கொடுத்தவர். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்பது முறையீடு.

முதல் வாசிப்பு சட்டச் சொற்களுக்கு விசுவாசமானது. ஆனால் அது சமூகத்தை அறியாதது. நிபந்தனையை எழுதச் சொல்வது எளிது. யார் முன்னிலையில் எழுதுவது? மகன் பக்கத்தில் நிற்கிறான், சாட்சிக்கு வந்த பங்காளிகள் இருவர் நிற்கிறார்கள், மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். 'ஆயுள்கால அனுபவம் போட்டுக்கலாமாம்மா?' என்று பத்திர எழுத்தர் கேட்டால், 'எதுக்குங்க, எம் புள்ளதானே' என்பதைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்? டிராவிக் சொன்ன அடக்கம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. அன்பைச் சொல்லக் கூடாது என்பதைப் போலவே எதிர்பார்ப்பையும் சொல்லக் கூடாது. சொன்னால் சந்தேகம் என்றாகிவிடும். எழுதப்படாததால் எதிர்பார்ப்பே இல்லை என்று முடிவு செய்வது, அவளுடைய நாகரிகத்தையே அவளுக்கு எதிரான சாட்சியாக்குவதாகும்.

சென்னையின் வாசிப்பு இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் இருக்கும் தயக்கம் வேறு. அன்பு என்றாலே நிபந்தனை என்று ஆகிவிட்டால், தானத்துக்கும் கிரயத்துக்கும் உள்ள கோடு அழிகிறது, சோறு விலையாகிவிடுகிறது. மூன்று மகன்களில் ஒருவனுக்கு எழுதிக்கொடுத்த தாய், பிற்பாடு இன்னொருவன் வீட்டுக்குப் போனபின், அவன் தூண்டுதலால் முதலாமவன்மீது மனுக் கொடுக்கவும் இதே சொல் உதவும். தீர்ப்பாயத்துக்கு இருப்பது சுருக்க விசாரணை. அன்பு எப்போது தீர்ந்தது என்று கோட்டாட்சியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இருந்தும், இரண்டு தவறுகளில் எதைப் பொறுக்கலாம் என்றால், வீடிழந்து நிற்கும் எண்பது வயதுக்காரரின் பக்கம் சாயும் தவறே பொறுக்கத்தக்கது என்று நினைக்கிறேன்.

6. பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

நாகப்பட்டின வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மகன் காப்பான் என்ற வாக்கியத்தில் எழுவாய் பிழையானது. சோறு வடிப்பவள், படுக்கை மாற்றுபவள், மாத்திரை எடுத்துக்கொடுப்பவள் மருமகள். பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'பிள்ளைகள்' வரையறையிலும் இல்லை. 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் அதில் சேர்க்க முனைந்தது; நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சொத்தின் உரிமை மகனுக்கு, கடமை மட்டும் அவளுக்கும் என்று அது முடிந்திருக்கும்.

மகளின் நிலை வேறு. பராமரிக்கும் கடமையில் மகனுக்குச் சமமாக அவளை 2007ஆம் ஆண்டுச் சட்டம் வைக்கிறது. மணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவள் என்று உச்சநீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. செட்டில்மென்ட் எழுதும்போது அவள் நினைவுக்கு வருவதில்லை. எழுதி வாங்கியவன் கைவிட்டபின் பெற்றோர் பெட்டியோடு போய் இறங்குவது அவள் வீட்டில்தான். பரிமேலழகர் 'மக்கள்' என்ற சொல்லிலிருந்து விலக்கியவளைச் சட்டம் திரும்பக் கொண்டுவந்தது, முதலில் கடமைக்கு.

அரசும் மகனை வருமானமாகவே எண்ணி வந்திருக்கிறது. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகைக்கு, ஆதரிக்க வளர்ந்த மகன் இல்லாதிருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் நிபந்தனை. மகன் இருக்கிறான் என்பதே சோறு இருக்கிறது என்பதற்குச் சான்று. தாசில்தார் அலுவலகத்தில் 'அவன் பார்க்கிறதில்ல' என்று ஒப்புக்கொண்டால்தான் பணம்; ஊரில் அதை ஒப்புக்கொண்டால் மானம் போய்விடும். 2023 ஆகஸ்ட் முதல் அத்தொகை 1,200 ரூபாய். அந்தப் பணம் வந்த வீடுகளில் கிழவிக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பேரனுக்கு முறுக்கு வாங்கித்தர முடிகிற பாட்டியிடம் மகன் பேசும் தொனியே வேறு.

7. மாதிரியைத் திருத்துதல்

நீதிமன்றங்கள் 'அன்பினாலும்' என்ற சொல்லின் பொருளைத் தேடிக்கொண்டிருக்கையில், சொல்லின் இடத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தொடர் தாயின் வாயிலிருந்து வரவில்லை. பத்திர எழுத்தரின் கணினியிலிருந்து வருகிறது. எல்லாருடைய பத்திரத்திலும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அதை எழுத யாரும் கூசுவதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தால் தானம் ரத்தாகும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 1882 முதலே இடம் தருகிறது. ஆகவே பராமரிக்கத் தவறினால் சொத்து திரும்பும், எழுதிக்கொடுத்தவர் ஆயுள்வரை அவ்வீட்டில் குடியிருப்பார் என்ற இரண்டு வரிகளையும் அறுபது வயதைக் கடந்தவர்களின் செட்டில்மென்ட் மாதிரியிலேயே பதிவுத்துறை அச்சடித்துவிடலாம். வேண்டாம் என்பவர் கேட்டு நீக்கிக்கொள்ளட்டும். இன்று அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லித் தாய் வாய்திறக்க வேண்டியிருக்கிறது. மாதிரியில் இருந்தால், நீக்கச் சொல்லி மகன்தான் பங்காளிகள் முன்னால் வாய்திறக்க வேண்டும். மாதிரியில் இருப்பதை யாரும் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. பெற்ற தாய் தன்னைத் 'தாங்கள்' என்று எழுதியதற்காக எந்த மகனும் இதுவரை முகம் சுளித்ததில்லை.